கையே படாமல் உடைந்த ஓடு

பெரியவளே, சின்னவனே,

நம் செம்பூர் கட்டடத்தின் கீழே, வண்டி நிறுத்துகிற இடத்தில் கராத்தே வகுப்பு ஆரம்பிக்கப் போவதாக லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவன் காலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறான். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே ஆக வேண்டும் என்கிறீர்கள். உங்கள் அம்மாவும், "பொண்ணுக்காவது கத்துக் கொடுத்தா நமக்கு ஒரு தைரியமா இருக்கும்" என்றாள். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். ஏன்பா மூஞ்சியை அப்படி வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டீர்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் ஃபோன் அடிக்கும், நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் தமிழ் மீடியத்தில் பத்தாவதோடு நின்றவன். எனக்கு எழுத வருவது இவ்வளவுதான். எழுத்துக் கூட்டிப் படிக்க உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால், சான்பாடாவிலிருந்து அத்தை வரும்போது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இதில் வருகிற அக்கா அவள்தான். நான் எங்கேயாவது கூட்டிச் சொல்லியிருந்தால் அவளே திருத்திவிடுவாள்.

நானும் கராத்தே படித்தவன். மழை விட்டதிலிருந்து பொங்கல் வரை படித்தேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைவிட உதவாத ஒன்றை நான் வாழ்க்கையில் படித்ததில்லை. ஜப்பானில் அது பெரிய வித்தையாக இருக்கலாம். அப்போது நாங்கள் இருந்த தாராவிக்கு வந்து சேர்ந்தது அதன் சட்டை மட்டும்தான்.

அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சந்து டெய்லர் காடாத்துணியில் வெட்டி எல்லாப் பையன்களுக்கும் ஒரே அளவில் தைத்தார். வளருகிற பிள்ளைகள் என்று நியாயம் சொன்னார். எனக்குக் கை நீளம் விரலைத் தாண்டித் தொங்கியது. முதல் சலவையிலேயே அது அப்பாவின் லுங்கியோடு ஒரே வாளியில் ஊறி, வெள்ளையும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல் ஒரு நிறத்துக்கு வந்தது. அதற்கு மேலே வெள்ளை பெல்ட். மற்ற வகுப்புகளில் ஒன்றும் தெரியாதவனை ஒன்றும் தெரியாதவன் என்று வாத்தியார் மட்டும்தான் சொல்வார். இங்கே அதை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும்.

வகுப்பு நடந்தது ஒரு தோல் கிட்டங்கியின் மாடியில். கீழே உப்புப் போட்ட ஆட்டுத்தோல் அடுக்கியிருக்கும். மாடித் தரை பலகை. பலகைக்கு நடுவே சந்து. அந்த வாடை சந்து வழியாக ஏறி எங்கள் கால்விரலில் ஆரம்பித்துத் தலைமுடி வரைக்கும் வரும். "மூச்ச ஆழமா இழு. உலகத்துல உள்ள சக்தியெல்லாம் உள்ள வரணும்" என்பார் மாஸ்டர். இழுத்தவன் குமட்டுவான். குமட்டியவனுக்கு மன உறுதி இல்லை என்று சொல்லி முட்டி போட வைப்பார்.

மாஸ்டருக்குப் பகலில் மாஹிமில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. சாயங்காலம் இடுப்பில் கறுப்பு பெல்ட். அந்த பெல்ட்டை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று தாராவியில் ஒருவரும் கேட்கவில்லை. வேலை பார்த்ததோ ஜவுளிக்கடையில்.

அவர் எண்ணுவது ஜப்பான் பாஷையில். இச்சி, நீ, சான். இரண்டு என்பதற்கு அவர்கள் 'நீ' என்கிறார்களாம். அவர் "நீ" என்று கத்தும்போதெல்லாம் முன்வரிசையில் எவனாவது ஒருவன் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று முன்னால் வந்து நிற்பான். குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நில்லுங்கள் என்பார். எங்களில் குதிரை ஏறினவன் எவனும் இல்லை. எங்களுக்குப் பழக்கம் பொதுக் கக்கூஸில் உட்காருகிற தினுசுதான். எல்லோரும் அப்படியே நின்றோம். "சபாஷ், அதேதான்" என்றார்.

எல்லாவற்றையும்விட வணக்கத்துக்குத்தான் அதிக நேரம் போனது. உள்ளே வந்தால் வணக்கம், சுவரில் ஒட்டிய படத்துக்கு வணக்கம், மாஸ்டருக்கு வணக்கம், யாரோடு மோதுகிறோமோ அவனுக்கும் இடுப்பு வரை குனிந்து வணக்கம். "வணக்கம் வைக்காம கை ஓங்குனா ரவுடி. வணக்கம் வச்சிட்டு ஓங்குனா வீரன். புரிஞ்சுதாலே?" என்பார். புரிந்தது. வேறு எதுவும் புரியாததால் அது ரொம்ப நன்றாகப் புரிந்தது.

இந்தக் கூத்தில் என்னை ஏன் சேர்த்தார்கள் என்றால், நான் வீரனாக வேண்டும் என்று இல்லை. அக்கா ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாட்டுங்காவுக்கு டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் படிக்கப் போக வேண்டும் என்றுதான்.

அக்கா பள்ளிக்கூடம் முடித்திருந்தாள். ஊரில் மாமா வீட்டிலிருந்து பெண் கேட்டு ஆள்மேல் ஆள் வந்துகொண்டிருந்தது. பரீட்சை எழுதி ஒரு ஆபீஸ் வேலையில் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பேச்சைத் தள்ளிப் போடலாம். வகுப்பு நின்றால் அவளை ரயிலேற்றி ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். இது எங்கள் வீட்டில் அம்மா உட்பட எல்லோருக்கும் தெரியும். அப்பா ஒரு தோல்பை பட்டறையில் தையல் வேலை பார்த்தார். அவருக்கு அக்காவைப் படிக்க வைக்க ஆசைதான். ஆனால் அவருக்குச் சந்து இருந்தது, சந்தில் ஆட்கள் இருந்தார்கள். அதில் முக்கியமான ஆள் எங்கள் ஊர்க்காரர் சங்கத்துச் செயலாளர். இரண்டு வீடு தள்ளி இருந்தார். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். எந்த வீட்டில் யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதை அவர் சங்க வேலையாகவே கவனித்து வந்தார்.

"வயசுப் பிள்ளைய அந்தி நேரத்துல பாலம் தாண்டி அனுப்புதீரே வே" என்றார் ஒரு நாள். "ஒண்ணுன்னா நாளைக்கு ஊர்ல யாரு பதில் சொல்லது?"

"தனியாவா அனுப்புதேன்? தம்பி கூடப் போறாம்லா. அவன் கராத்தே படிக்கான்" என்றார் அப்பா.

இந்த ஒரு பதிலைச் சொல்வதற்காகத்தான் நான் அந்தத் தோல் வாடையில் மூச்சிழுத்துக்கொண்டிருந்தேன். அப்பா இன்னொன்றும் செய்தார். "ஏல, அந்த டிரெஸ்ஸக் கழத்தாண்டாம். அதோடயே அக்கா கூடப் போ. பாக்கவன் பயப்படுவான்" என்றார். அதனால் வாரம் முழுவதும் சாயங்காலம் கராத்தே முடிந்ததும் அக்கா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடப்பாள். ஊதா ஏறிய உடுப்பில் நான் பின்னால் போவேன். பார்த்தவன் எவனும் பயப்படவில்லை. சின்னப் பிள்ளைகள் கூடவே கொஞ்ச தூரம் வரும். மாட்டுங்காவில் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த பெரியவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "ஏண்டா கொழந்தே, நோக்கு ஆத்துல வேற சொக்காயே கெடையாதா?" என்று கேட்டார். உள்ளே தகரத்தில் மழை பெய்கிற மாதிரி டைப் மெஷின்கள் சத்தம் போடும். நான் வாசல் பெஞ்சில், பெல்ட் முனையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ரயில் பாதைக்கு மேலே இருக்கிற நடைபாலத்தில் ஒரு பயல் கொஞ்ச நாளாகக் கம்பியில் சாய்ந்து நின்றான். அக்கா வரும்போது பாடுவான், விசில் அடிப்பான். அக்கா தலையைத் திருப்பாமல் போவாள். நானும் திருப்பாமல் போவேன். ஒரு நாள் அவன் பாடவில்லை. நேரே வந்து அக்காவின் தாவணி முனையைப் பிடித்து இழுத்தான்.

நான் முன்னால் போய் நின்றேன். அதுவரைக்கும் சரிதான். குதிரை ஏறின மாதிரி நின்றேன். பிறகு, மாஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி, இடுப்பு வரை குனிந்து அவனுக்கு வணக்கம் வைத்தேன்.

பிள்ளைகளே, உலகத்தில் எந்த ஊரிலாவது, அக்காவின் தாவணியைப் பிடித்து இழுத்தவனுக்குத் தம்பி குனிந்து வணக்கம் வைத்திருப்பானா? அவன் என் உடுப்பை மேலும் கீழும் பார்த்தான். அப்புறம் சிரித்தான். "அரே, நமஸ்தே நமஸ்தே. பிக்சர் மே காம் கர்தா ஹை க்யா?" என்றான். சினிமாவில் நடிக்கிறாயா என்கிறான். சொல்லிக்கொண்டே ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி என் தலையில் கையை வைத்து அழுத்தினான். நான் அப்படியே பாலத்தில் உட்கார்ந்துவிட்டேன். கீழே ஒரு லோக்கல் ரயில் தடதடவென்று போனது. பாலம் ஆடியது. வண்டி விட்டு இறங்கிய கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தது.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. ஈரத்தோலைக் கல்லில் அடித்தால் அந்தச் சத்தம் வரும். அக்கா செருப்பைக் கழற்றி அவன் காதோடு சேர்த்து வைத்திருந்தாள். அவன் தாவணியை விட்டான். இன்னொன்று வைத்தாள். வணக்கம், எண்ணிக்கை, மூச்சுப் பயிற்சி ஒன்றும் இல்லை. இந்தியில் ஒரு வார்த்தையும் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன், அத்தையிடமும் கேட்காதீர்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டு படியில் இறங்கி ஓடினான். அக்கா தாவணியைச் சரி செய்துகொண்டு, "எந்திரில. கிளாஸுக்கு நேரமாச்சு" என்றாள். போனோம். அன்றைக்கும் அவள் டைப் அடித்தாள்.

திரும்பி வந்தால் வீட்டுக்குள் செயலாளர் மாமா உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கத்துப் படியில் ஏறி வந்தவர் கூட்டத்துக்கு நடுவே பார்த்திருக்கிறார்.

"நடுப்பாலத்துல செருப்பத் தூக்கிட்டு நிக்கா வே உம்ம மக. நாலு பாஷைக்காரன் பாக்கான். இதுக்குத்தான் படிக்க அனுப்புனீரா? இன்னையோட நிப்பாட்டும். நானே ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தாரேன்."

அப்பா அக்காவைப் பார்த்தார். அம்மா அடுப்பை அணைத்தாள். அக்காவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"நான் யார அடிச்சேன் மாமா? தம்பிதான் அடிச்சான். தள்ளுமுள்ளுல என் செருப்புக் கழண்டு போச்சு. அத எடுத்துக் கையில வச்சிருந்தேன். அதப் பாத்திருப்பீங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏல, நீயா அடிச்ச?" என்றார் அப்பா.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அவள் கை மட்டும் புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா."

"எங்கன அடிச்ச?"

"காதுல."

"எப்படில அடிச்ச?" என்றார் மாமா.

"மொதல்ல வணக்கம் வச்சேன்."

மாமா தொடையில் தட்டினார். "அது நெசந்தான் வே. இவன் குனிஞ்சத நான் பாத்தேன். என்னடா தரையில எதையோ தேடுதான்னு நெனச்சேன். அப்புறம் கூட்டம் மறச்சிட்டு."

என் ஆயுளில் நான் செய்த மிகப் பெரிய முட்டாள்தனம் சாட்சியாக வந்து நின்றது. ஆனாலும் மாமா முழுதாக நம்பவில்லை. சங்கத்துப் பொங்கல் விழா வருகிறது, பையன் மேடையில் எல்லோரும் பார்க்கக் கூரை ஓடு ஒன்றைக் கையால் உடைத்துக் காட்டட்டும் என்றார். "ஒடச்சாம்னா நானே அவனுக்குப் பொன்னாடை போத்துதேன். ஒடையலன்னா பிள்ளைய வீட்டோட வையும்." அப்பா சரி என்று தலையாட்டினார். ஒரு பெண் படிப்பதும் நிற்பதும் ஓட்டுத்துண்டில் வந்து நின்றது. அந்த அறையில் ஒருவருக்கும் அது அசிங்கமாகப் படவில்லை.

மறுநாள், சேதி கேட்டு மாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, "அண்ணாச்சி, உங்க பையன் போட்டது சாதாரண அடி இல்ல. அது ஒரு ரகசிய அடி. போன வாரம்தான் இவனுக்கு மட்டும் தனியாச் சொல்லிக் கொடுத்தேன்" என்றார்.

"அதுக்கு என்ன பேரு மாஸ்டர்?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்.

"அது... ஜப்பான் பேரும்மா. வாயில நொழையாது."

"செருப்படி மாதிரி சத்தம் கேட்டுச்சு, அதான் கேட்டேன்."

மாஸ்டர் டீயை முடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஓடு உடைக்கிற வித்தையையும் சொல்லிவிடுகிறேன். கும்பார்வாடா எங்களுக்குப் பக்கம்தான். குஜராத்திக் குயவர்கள் அங்கே சூளை போடுவார்கள். மாஸ்டர் அவர்களிடம் சொல்லி வைத்துச் சரியாக வேகாத ஓடாக வாங்குவார். வாங்கி வந்து, அடிப்பக்கத்தில் ரம்பத் தகட்டால் குறுக்கே அறுப்பார். அறுத்த கோட்டில் செம்மண்ணைக் குழைத்துப் பூசுவார். இது வகுப்பில் எல்லோரும் பார்க்கவே நடக்கும். "இது ஏமாத்து இல்ல. மொதல்ல மனசுக்கு நம்பிக்கை வரணும். அப்புறம் நிஜ ஓடு" என்பார். நிஜ ஓடு வரவே இல்லை.

"ஒடையுமால?" என்று அக்கா ஒரு தடவைதான் கேட்டாள்.

"தும்முனாலே ஒடையும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

விழா அன்றைக்குத் தெருவையே அடைத்து மேடை போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி, கரும்பு, ஜிகினாத் தாள், சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்த வாசனை. முதல் வரிசை நாற்காலியில் அப்பா, பட்டறையிலிருந்து வந்த உடுப்போடு. பெண்கள் பக்கத்தில் அம்மாவும் அக்காவும். மாஸ்டருக்கு அன்று என்ன பயமோ, வழக்கத்தைவிட ஆழமாக அறுத்துவிட்டார் போலிருக்கிறது. இரண்டு செங்கலுக்கு நடுவே ஓட்டைத் தாங்கித் தாங்கி வைத்தார். நான் ஓட்டுக்கு வணக்கம் வைத்தேன். கையைத் தூக்கினேன். மாஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி தொண்டை கிழியக் கத்தினேன்.

கை இன்னும் தோளுக்கு மேலேதான் இருந்தது. ஓடு நடுவில் விண்டு, இரண்டாக விழுந்தது.

கூட்டம் எக்கி எக்கிப் பார்த்தது. பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. முதல் இரண்டு வரிசைக்கும் நன்றாகத் தெரிந்திருக்கும். நான் தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் நின்றேன். அக்கா குனிந்து மடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் மாமா மைக்கை வாய்க்குக் கொண்டு போனார்.

அதற்குள் முதல் வரிசையில் ஒருவர் எழுந்து கை தட்டினார். அப்பா. நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்து, தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினார். அவர் தட்டியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் தட்டினார். பிறகு தெருவே தட்டியது. மாஸ்டர் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கி, "கையே படாம ஒடஞ்சிருக்கு, பாத்துக்கிடுங்க. இதுதான் மூச்சு வித்தை" என்றார். சங்கம் அதையும் நம்பியது. மாமா எனக்குப் பொன்னாடை போர்த்தினார். 'வீரத் தம்பி' என்று சொன்னார். அடித்தவள் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டினாள்.

வெகு காலம் அப்பாவை நான் ஏமாளி என்று நினைத்திருந்தேன். மேடைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் என் கை ஓட்டைத் தொடாததைப் பார்க்கவில்லையே என்று. இப்போது அன்றைய அப்பாவின் வயதைத் தாண்டிவிட்டேன். தோலில் தையல் ஒரு நூல் விலகினாலும் பார்க்கிற கண் அவருடையது. அவர் பார்த்தார். பார்த்ததால்தான் எழுந்தார். அவருக்குத் தேவைப்பட்டது சந்துக்குச் சொல்ல ஒரு பதில். அது கிடைத்துவிட்டது.

அதற்காக அவரைப் பெரிய மனிதராக எழுதிவிடவும் மனம் வரவில்லை. மகள்தான் அடித்தாள், சரியாகத்தான் அடித்தாள், அவள் போய்ப் படிப்பாள் என்று அந்த மைக்கில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. காடாத்துணி உடுப்பையும் வேகாத ஓட்டையும் நம்புகிறவர்களிடம் அவருக்கு அவ்வளவு பயம். நல்ல மனிதர்தான். ஆனால் கோழை. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கும் என்பது கராத்தேயில் சொல்லித் தரவில்லை.

அக்கா பரீட்சை எழுதினாள், வேலைக்குப் போனாள், ஊரிலிருந்து வந்த ஆட்கள் வருவதை நிறுத்தினார்கள். பெண் கேட்ட ஊர் மாமாவின் மகனையும் கட்டவில்லை. மற்றது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் அந்த வகுப்பில் சேருவதானால் சேருங்கள். குனிந்து நிமிர்வது உடம்புக்கு நல்லது. பெரியவளே, உனக்கு மட்டும் ஒன்று. நீ டியூஷனுக்குப் போக, தாதர் போக, எங்கே போகவும் உன் பெல்ட் என்ன நிறம் என்று நான் கேட்க மாட்டேன். தம்பியைக் கூட அனுப்பவும் மாட்டேன். அவன் போகிற வழியில் வடா பாவ் கேட்பான், அவ்வளவுதான் அவனால் ஆகிற காரியம்.

விழாவுக்கு மறுநாள் அப்பா பட்டறைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, சந்துக்கே கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னார். "இனிமே நீ அக்கா கூடப் போவாண்டாம்ல. பாலத்துல ஒருத்தனும் வாலாட்ட மாட்டான். அவ போய்க்கிடுவா." என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா தனியாகப் போனாள். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பொன்னாடையை அம்மா வாசலுக்கு நேரே ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். நான் ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்தேன். அக்கா புத்தகம் வைக்கிற பலகையில் கரப்பான் கடித்த பழைய பேப்பர் விரித்திருந்தது. அதை உருவிச் சுருட்டிப் போட்டுவிட்டு, பொன்னாடையை ஜரிகை உள்ளே போகும்படி நாலாக மடித்துப் பலகையில் விரித்தேன். அதன்மேல் அவள் புத்தகங்களை, எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் திரும்ப அடுக்கினேன்.